அப்பா சம்பளத்துக்கு ஒரு பவுன் வந்துச்சு, என் சம்பளத்துக்கு கால் பவுன் தான்... கணக்கு தப்பா போடறனா?

சிங்காநல்லூர்_ஃபிட்டர் (கேள்வி)

வணக்கம்ங்க. தீபாவளிக்கு வீடு ஒதுங்க வெக்கறப்ப அப்பாவோட பழைய டிரங்க் பெட்டிய தொறந்தோம், அதுல மில்லு சம்பள ரசீது ஒரு கத்தை ரப்பர் பேண்டு போட்டு கட்டி வெச்சிருந்தாரு, தொட்டதும் ரப்பர் பேண்டு பொடியா உதிருது. மேலாப்புல இருந்தது 2000 ஆகஸ்ட் மாசத்துது. அப்பா ஸ்பின்னிங்ல சைடு (நூல் நூக்கற மிசினு) பாத்தவருங்க, பெர்மனென்ட். மொத்தம் 4,180 ரூவா. பிஎஃப் 502, ஈஎஸ்ஐ 73, சொசைட்டி கடன் 400 போக கைக்கு 3,205.

அன்னிக்கு பவுன் என்ன வெலைன்னு அம்மாகிட்ட கேட்டேன், யோசிக்கவே இல்ல, "மூவாயிரத்து நானூறு"ன்னு சொல்லுச்சு, ஏன்னா அந்த வருஷ தீபாவளி போனஸ்ல தான் அதுக்கு ஒன்னேகால் பவுன்ல செயின் எடுத்தாங்களாம். அதாவது அப்பாவோட ஒரு மாச மொத்த சம்பளத்துக்கு ஒரு பவுன் எடுத்துட்டு கையில மிச்சமும் இருக்கும்.

இப்ப என் கதைக்கு வாங்க. வயசு 29, ஐடிஐ ஃபிட்டர், பம்பு கம்பெனில கான்ட்ராக்ட்ல ஆறாவது வருஷம். மொத்தம் 17,500. 2024 தீபாவளிக்கு பவுன் 59,000 கிட்ட. ஒரு மாச சம்பளத்த அப்படியே கொண்டுபோய் கொடுத்தாலும் கால் பவுன் சொச்சம் தான் வரும், செய்கூலி சேதாரம் வேற. அப்பா 1996ல ஒண்டிப்புதூர் தாண்டி மூணு சென்ட் வாங்குனாரு, சென்ட் பன்னெண்டாயிரம். இன்னிக்கு அதே லைன்ல சென்ட் ஏழு லட்சம் கேக்கறாங்க. நான் பொறந்ததுல இருந்து வேல செஞ்சிருந்தா கூட வாங்க முடியாது போல.

மாமா பையன் கிட்ட சொன்னா "உங்கப்பா சைக்கிள்ல போனாரு, நீ பைக்ல போற, கையில ஸ்மார்ட்போன் வெச்சிருக்க, உனக்கு என்னடா கொறச்சல்"ங்கறான். அதுவும் நெஜம் தான். ஆனா இன்னொரு பக்கம் நாட்டு சொத்துல 40 சதவீதம் ஒரே ஒரு சதவீதம் பேர் கையிலன்னு நியூஸ்ல சொல்றாங்க. எதங்க நம்பறது? எங்கப்பாவ விட நான் ஏழையா, இல்ல கணக்கு எங்கயோ இடிக்குதா?

பேரேடு

தம்பி, கூட்டல் கழித்தல் சரி, நீங்க எடுத்த படி தான் சரியில்ல. தங்கத்த வச்சு சம்பளத்த அளந்தா எந்த வருஷத்துல ஆரம்பிக்கிறீங்களோ அதுக்கு ஏத்த மாதிரி பதில் வரும். 2000ங்கறது உலகத்துலயே தங்கம் அடிமட்டத்துல கிடந்த நேரம், இங்கிலாந்து அரசாங்கமே தன் கையிருப்புல பாதிக்கு மேல 1999ல இருந்து 2002க்குள்ள வித்துத் தள்ளுச்சு, இன்னைக்கு வரைக்கும் அத சொல்லி சிரிக்கிறாங்க. அதே கத்தைல 1990 ரசீது இருந்தா எடுத்துப் பாருங்க. அப்ப பவுன் 2,500 கிட்ட, உங்கப்பா சம்பளம் 1,500 இருந்தாலே பெருசு. அப்போ அரை பவுன் சொச்சம் தானே? பத்து வருஷத்துல அரை பவுன் ஒரு பவுனா ஆனதால உங்கப்பா டபுள் பணக்காரர் ஆயிட்டாருன்னு சொல்லுவீங்களா?

சம்பளத்த விலைவாசியோட தான் ஒப்பிடணும். தொழிலாளர்களுக்கான நுகர்வோர் விலைக் குறியீட்டு எண்ணுன்னு சிம்லால இருக்கற லேபர் பீரோ மாசா மாசம் விடுவாங்க. 1982 = 100ன்னு வச்ச கணக்குல (1982ல நூறு ரூபாய்க்கு வந்த சாமானுக்கு அப்புறம் எவ்வளவு ஆகுதுங்கறது) 2000 ஆகஸ்ட்ல அது 440 சொச்சம். இப்ப 2016 = 100ன்னு புது கணக்கு, செப்டம்பர் 2024க்கு 143.3. பழசோட கோர்க்க 2.88 ஆலயும் அப்புறம் 4.63 ஆலயும் பெருக்கணும், வர்றது 1,910. ஆக விலைவாசி 4.3 மடங்கு ஏறியிருக்கு. உங்கப்பா 4,180ஐ 4.3 ஆல பெருக்குங்க, ஏறக்குறைய 18,000. உங்களுக்கு 17,500. அதாவது நீங்களும் அவரும் ஒரே இடம், ஒரு ஐநூறு ரூபா முன்ன பின்ன.

அதனால "ஏழையாயிட்டேன்"ங்கறது தப்பு. நாட்டுல சாப்பாட்டுக்குப் போற பங்கும் குறைஞ்சிருக்கு, கிராமத்துல 1999-2000ல நூறு ரூபா செலவுல 59 ரூபா சாப்பாட்டுக்கே போச்சு, 2022-23 சர்வேல 46 தான். மிச்சம் தான் பைக், போன், பிள்ளைங்க படிப்பு. மாமா பையன் சொன்னது இது தான்.

சிங்காநல்லூர்_ஃபிட்டர்

சார் நன்றிங்க, நீங்க சொன்ன மாதிரி தேடிப் பாத்தேன், 1990 ஜூன் ரசீது இருக்குது, 1,420 ரூவா. நீங்க சொன்னது கரெக்ட். ஆனா ஒன்னு கேக்கலாமா. 24 வருஷம் கழிச்சு, ஐடிஐ படிச்சுட்டு, சிஎன்சி (கம்ப்யூட்டர்ல ஓடற மிசினு) வரைக்கும் ஓட்டத் தெரிஞ்சும், எட்டாவது படிச்ச எங்கப்பா நின்ன அதே எடத்துல ஐநூறு ரூவா கொறச்சலா நிக்கறேன்னா அத நல்ல சேதின்னு எடுத்துக்கறதாங்க?

பேரேடு

இல்ல தம்பி, நல்ல சேதி இல்ல. போஸ்ட் பண்ணினதுக்கு அப்புறம் எனக்கே உறைச்சுது. அதே 2000ல இருந்து இப்ப வரைக்கும் நாட்டோட தலைக்கான உற்பத்தி, விலைவாசிய கழிச்சுப் பாத்தாலும், சுமாரா மூணு மடங்கு ஆகியிருக்கு. நீங்க நின்ன இடத்துலயே நிக்கிறீங்கன்னா அந்த ரெண்டு மடங்கு வேற யார் வீட்டுக்கோ போயிருக்கு. ஏழையாகலங்கறேன், ஏமாறலன்னு நான் சொல்லல.

நியூஸ்ல வந்த அந்த 40ம் சும்மா இல்ல, பிக்கெட்டிங்கற பிரெஞ்சு பொருளாதார நிபுணரும் இன்னும் மூணு பேரும் சேர்ந்து 2024 மார்ச்ல போட்ட ஆய்வு. 2022-23ல மேல்மட்ட 1 சதவீதம் பேர் கையில சொத்துல 40.1 சதவீதம், வருமானத்துல 22.6 சதவீதம். அந்த வருமானப் பங்கு 1982ல வெறும் 6.1 தான். வரி ஏய்ப்பு, ஆவணம் இல்லாத சொத்து எல்லாம் இருக்கறதால அந்த கணக்குல மல்லுக்கட்டறவங்க இருக்காங்க, நானும் கொஞ்சம் மல்லுக்கட்டுவேன், ஆனா கோடு எந்தப் பக்கம் போகுதுன்னு சண்டை போட முடியாது. 1970கள்ல இங்க உச்ச வருமான வரி 97.75 சதவீதம் (அதுவும் பைத்தியக்காரத்தனம், எல்லாரும் கணக்க மறைச்சாங்க), வாரிசு சொத்துக்கு போட்ட வரிய 1985ல எடுத்தாங்க, சொத்து வரிய 2015 பட்ஜெட்ல எடுத்தாங்க. வீட்டு வரி இல்ல, பெரும்பணக்காரர் சொத்துக்கு போட்டது. இப்ப சொத்து தானா வளருது, சம்பளம் தான் டைம் ஆபீஸ்ல வரிசைல நிக்குது.

பனியன்சிட்டி_பெருசு

பேரேடு ஐயா கணக்கு சரிங்க, ஆனா காரணம் அந்த ரசீதுலயே எழுதியிருக்குதே, யாரும் பாக்கல. கண்ணு, உங்கப்பா ரசீதுல பஞ்சப்படின்னு ஒரு கட்டம் இருக்கும் பாரு. அடிப்படைச் சம்பளம் கொசுறு மாதிரி இருக்கும், பஞ்சப்படி தான் அதவிட பல மடங்கு. ஐயா சொன்னாரே விலைக் குறியீட்டு எண்ணு, அது ஒரு புள்ளி ஏறுனா மில்லுக்காரனுக்கு புள்ளிக்கு இவ்வளவு பைசான்னு பஞ்சப்படி ஏறியே ஆகோணும், முதலாளி மனசு வெச்சா தான்னு இல்ல, ஒப்பந்தத்துல எழுதியிருக்கும். நீ தூங்குனாலும் அது ஏறும். இப்ப உன் ரசீதுல அந்த கட்டம் இருக்குதா? 17,500னு மொத்தமா ஒரே நம்பர் போட்டிருப்பான். அது ஏறணும்னா நீ போய் கைகட்டி நிக்கோணும், நின்னா கான்ட்ராக்டர் "கம்பெனிய கேளு"ம்பான், கம்பெனி "கான்ட்ராக்டர கேளு"ம்பான்.

இந்த பஞ்சப்படிய யாரும் தாம்பாளத்துல வெச்சு குடுக்கலீங்க. திருப்பூர்ல 1984ல பனியன் தொழிலாளிக இதுக்காக 127 நாள் வேலைநிறுத்தம் பண்ணுனாங்க. நான் அப்ப கைமடிக்கற பையன், பதினாலு வயசு. நூத்தி இருவத்தேழு நாள்னா சம்பளமில்லாம நாலு மாசம், எங்கம்மா காதுல கெடந்த தோடு அடகுக்கு போச்சு, மீளவே இல்ல. (தங்கத்துல தான் நாங்களும் கணக்கு வெச்சிருக்கோம், என்ன பண்றது.)

அதுக்கப்பறம் என்ன பண்ணுனாங்கன்னா பெர்மனென்ட் ஆளையே எடுக்கறத விட்டுட்டாங்க. பீஸ் ரேட்டு, கான்ட்ராக்ட்டு, ஹாஸ்டல்ல பொம்பளப் புள்ளைக, அப்பறம் ரயில்ல வர்ற ஒடிசா பீகார் பசங்க. அந்தப் பசங்கள குத்தம் சொல்லாதீங்க, அவனுக்கு ஊர்ல இதுவும் இல்ல. சர்க்காரோட வருசாந்திர தொழிற்சாலை கணக்கெடுப்பு இருக்குது, அதுல 2000-01ல நூறு தொழிலாளிக்கு இருவது பேரு கான்ட்ராக்ட்டு, 2022-23ல நாப்பது பேரு. அதே கணக்கெடுப்புல இன்னொன்னும் இருக்குது. ஃபேக்டரில பொருள செஞ்சு கூடுன மதிப்புல 1980 வாக்குல நூத்துக்கு முப்பது ரூவா தொழிலாளி கூலியா போச்சு. 2007, 08 வாக்குல அது பத்து ரூவாய்க்கு எறங்கிருச்சு, அப்பறம் கொஞ்சம் ஏறியிருக்குது அவ்வளவு தான். மிசினு நெறைய வந்துருச்சு அதான்னு சொல்லுவாங்க, மிசினு வந்தது நெசம். மிசினு யாருதுங்கறது தான கேள்வியே.

வண்டல்மண்

எல்லாரும் பேசுறது படிச்சேன், ஒரு விஷயம் சொல்லணும்னு தோணுது, கோவிச்சுக்காதீங்க. அப்பா காலத்துல பெர்மனென்ட் வேலை, பிஎஃப், போனஸ்னு சொல்றீங்களே, அது எத்தன பேருக்கு இருந்துச்சு? நாங்க நாகப்பட்டினம் பக்கம். எங்க பாட்டி நடவு நட்டுச்சு, கூலி நெல்லா அளப்பாங்க, அதுலயும் ஆம்பளைக்கு ஒரு அளவு பொம்பளைக்கு ஒரு அளவு. அரைப்படி நெல்லு கூட கேட்டதுக்கு தான் 1968 டிசம்பர் 25 ராத்திரி கீழவெண்மணில 44 பேர குடிசைக்குள்ள வச்சு கொளுத்துனாங்க. பாட்டிக்கு அப்ப கல்யாணமாகி ரெண்டு வருஷம். எங்க ஊருக்கும் அந்த ஊருக்கும் நடந்து போற தூரம். கடைசி வரைக்கும் மரக்கால்ல நெல்லு அளக்குறப்ப தலைய தட்டுனா பாட்டிக்கு கோவம் வரும், "கும்பாவா அள, வழிக்காத"ம்பாங்க.

அதனால எங்க வீட்டுல சம்பளத்த அளக்குறது அரிசில தான். அந்த அளவுல பாத்தா எங்க சனம் மேல வந்திருக்கு, இல்லேன்னு சொன்னா பாட்டி ஆவி மன்னிக்காது. ரேஷன் அரிசி 2008ல கிலோ ஒரு ரூவா ஆச்சு, 2011ல இருந்து காசே இல்ல. நூறு நாள் வேலை 2006ல வந்தப்ப 80 ரூவா, 2024ல 319ன்னு ரேட்டு (கைக்கு அவ்வளவு வரல, அது தனி கதை). அது வந்ததால தான் "அந்த கூலிக்கு வர முடியாது"ன்னு சொல்ற தைரியமே வந்துச்சு. எங்க அம்மா அப்படி சொன்ன நாள் எனக்கு ஞாபகம் இருக்கு, மிராசு வீட்டு ஆள் வாசல்ல நிக்கிறாரு, அம்மா திண்ணைய விட்டு எந்திரிக்காம சொன்னாங்க. 2021-22 கணக்குப்படி தமிழ்நாட்டுல ஆம்பளைங்க விவசாயக் கூலி சராசரி நாளைக்கு 445 ரூவா, நாட்டு சராசரி 323 தான். ஆனா கேரளாவுல 726. அதான் எங்க ஊர் பசங்க பாதி பேர் அங்க செங்கல் தூக்குறாங்க, கட்டட வேலைக்கு அங்க 837.

ஆனா சொத்துன்னு கேட்டீங்கன்னா, பாட்டிக்கு இருந்தது ஒரு குடிசை மனை, அம்மாவுக்கு அதே மனைல அரசாங்க காங்கிரீட் வீடு, எனக்கும் அதே மனை தான். அறுவடைய மெஷின் பண்ணுது, அதனால வருஷத்துல வேலை நாளும் கொறஞ்சு போச்சு. வயிறு நெறஞ்சுச்சு, காணி ஒரு குழி கூட வரல. உங்களுக்கு மூணு சென்ட் இருக்குல்ல ஃபிட்டர் அண்ணே, அத வித்துராதீங்க.

பெஞ்ச்ல_இருக்கேன்

ஐடில நல்லா சம்பாதிக்கறாங்கன்னு திட்டறதுக்குள்ள நானே சொல்லிடறேன், 2010ல எங்க அண்ணன் ஃப்ரெஷரா சேந்தப்ப வருஷம் மூணேகால் லட்சம், 2023ல நான் சேந்தப்ப மூணரை. பேரேடு சார் போட்ட மாதிரி போட்டா நான் பாதி சம்பளத்துல இருக்கேன். கம்பெனிகள் சட்டம் 2013ல 197வது பிரிவுன்னு ஒன்னு இருக்கு, லிஸ்டட் கம்பெனின்னா டைரக்டர் சம்பளம் நடுவாந்திர ஊழியர் சம்பளத்த விட எத்தன மடங்குன்னு வருஷா வருஷம் வெளிய சொல்லியே ஆகணும். வேலை எதுவும் இல்லாத ஒரு மத்தியானம் எங்க கம்பெனி ஆண்டறிக்கைய தொறந்து பாத்தேன், அதுக்கப்புறம் காபி குடிக்கவே போயிட்டேன். உங்க பம்பு கம்பெனி லிஸ்டட்னா நீங்களும் பாருங்க, ஆனா அந்த நடுவாந்திர கணக்குல கான்ட்ராக்ட் ஆள சேத்திருக்க மாட்டாங்க, நீங்க அவங்க ஊழியரே இல்லையே.

ஹட்டன்_மல

இலங்கையில இருந்து ஒரு சின்ன கருத்து. எங்கட மலையகத்துல தேயிலைத் தோட்டத் தொழிலாளிக்கு ஒருநாள் சம்பளம் ஆயிரம் ரூவா வேணும்னு வருஷக்கணக்கா போராடினோம், தலவாக்கலையில ரோட்டுல உக்காந்தோம், கொழும்புக்கு போனோம். 2021ல ஒருவழியா வர்த்தமானியில (அரசிதழ்ல) வந்துச்சு. அப்ப டொலர் 200 ரூவா, அப்போ ஆயிரம்னா அஞ்சு டொலர். அடுத்த வருஷம் நாடே விழுந்து டொலர் 360 ஆயிருச்சு, அதே ஆயிரம் மூணு டொலர் கூட இல்ல. கோதும மா கிலோ நூறுக்கு கீழ இருந்தது முந்நூற தாண்டிச்சு, நாங்க காலையில ரொட்டி தான் சாப்புடுற ஆளுங்க, நெனச்சு பாருங்க. 2024 செப்டம்பர்ல 1,350 ஆக்கினாங்க.

இங்க இன்னொரு வேல இருக்கு. சம்பளம் கூடினா ஒருநாள்ல பறிக்க வேண்டிய கொழுந்து கிலோவையும் கூட்டிருவாங்க. அந்த நிறை வரலன்னா அரைப்பேர் தான் போடுவாங்க, நாள் முழுக்க மலையில நின்னாலும் அரைநாள் சம்பளம். அதனால அந்த 1,350ங்கறது கடதாசில இருந்த நம்பர், எங்க அம்மாட கையில வந்தது வேற. சம்பளத்த கேக்குறப்ப நாளுக்கு எவ்வளவுன்னு மட்டும் கேக்காதீங்க, எத்தன கிலோவுக்குன்னும் கேளுங்க.

சிங்காநல்லூர்_ஃபிட்டர்

எல்லாருக்கும் நன்றிங்க. வண்டல்மண் சொன்னத படிச்சுட்டு அப்பாகிட்ட கேட்டேன், உங்க மில்லுல எந்தெந்த சாதிக்காரங்க பெர்மனென்ட்ல இருந்தாங்கன்னு. கொஞ்ச நேரம் ஒன்னும் பேசல, அப்பறம் "சிபாரிசு இல்லாம கேட்டுக்குள்ள விடமாட்டாங்க, எனக்கு பெரியப்பா இருந்தாரு"ன்னாரு. இத்தன வருஷத்துல இத நான் கேட்டதே இல்ல.

பெருசு சொன்ன மாதிரி ரெண்டு ரசீதையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்தேன். அப்பாவுதுல பஞ்சப்படி கட்டம் இருக்குது. என்னுதுல இல்ல. ஆனா வேற ஒன்னு கண்ணுல பட்டுச்சு, பிஎஃப்னு ரெண்டு வாட்டி புடிச்சிருக்காங்க, ஒன்னு என் பங்கு, இன்னொன்னு "எம்ப்ளாயர்"னு போட்டு அதையும் என் 17,500லயே கழிச்சிருக்காங்க. ஆறு வருஷமா மெசேஜ்ல வர்ற தொகைய மட்டும் பாத்துட்டு இருந்திருக்கேன். போன்ல பாஸ்புக் தொறந்தா நடுவுல நாலு மாசம் பணமே கட்டல. இதுக்கு எங்க போறதுங்க, கான்ட்ராக்டர்கிட்ட கேட்டா நாளைக்கு வேலைக்கு வேண்டாம்னு சொல்லிருவான்.

பனியன்சிட்டி_பெருசு

அவன்கிட்ட இப்பவே வாயத் தொறக்காத கண்ணு. மொதல்ல அந்த நாலு மாச ரசீதையும் பாஸ்புக்கையும் போட்டோ எடுத்து வெச்சுக்க. முதலாளி பங்க தொழிலாளி சம்பளத்துல புடிக்கறது சட்டப்படியே தப்பு. மாசா மாசம் 27ம் தேதி பிஎஃப் ஆபீசுக்காரங்க மாவட்டத்துல குறை கேக்க உக்காருவாங்க, லீவு நாளா இருந்தா அடுத்த வேலை நாள். அதே கான்ட்ராக்டர்கிட்ட உன்னோட எத்தன பேரு இருக்கறீங்க? ஒருத்தனா போகாத, ஒரு பத்து பேரு ரசீதோட போங்க. உங்கப்பாவையும் கூட்டிட்டு போ, மில்லுக்காரருக்கு அந்த ஆபீசு வழியெல்லாம் தெரிஞ்சிருக்கும்.

சிங்காநல்லூர்_ஃபிட்டர்

முப்பத்தி நாலு பேருங்க. நாளைக்கு ஷிஃப்ட் முடிஞ்சு டீக்கடைல கேக்கறேன்.